இயற்பியல் படித்தார்... பியானோவில் ஜெயித்தார்! - ஹார்வர்டில் இசை சொல்லித்தரும் தமிழ்ப் பிள்ளை விஜய் ஐயர்

பாளையங்கோட்டைக்காரர்களுக்கு கீபோர்டு புதிதல்ல. 1826-ல் கட்டிய ஊசிக்கோபுரம் தொடங்கி தெருவுக்குத் தெரு தேவாலயங்கள் உள்ள ஊர். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏதாவது ஒரு வாசிப்பு காதில் விழாமல் முருகன்குறிச்சியைத் தாண்ட முடியாது. மாலை நேரத்தில் டியூஷன் பையோடு கீபோர்டு பையையும் தோளில் மாட்டிக்கொண்டு போகும் பிள்ளைகளைத் தினமும் பார்க்கலாம்.

ஒன்பதாம் வகுப்பு முடிந்ததும் அந்த இரண்டாவது பை காணாமல் போய்விடும். "பப்ளிக் எக்ஸாம் வருது... இனி பாட்டு கீட்டெல்லாம் போதும்" என்று கீபோர்டு பரணுக்கு ஏறிவிடும். பிறகு பன்னிரண்டாம் வகுப்பு, நீட், இன்ஜினீயரிங் கவுன்சலிங்... அது கீழே இறங்குவதே இல்லை.

இது நம்ம ஊர் கதை மட்டும் இல்லை. பெற்றோர் இருவரும் தமிழர்களாக இருந்து, பிள்ளைக்குக் கணக்கும் நன்றாக வந்துவிட்டால், அமெரிக்காவிலும் இதே எதிர்பார்ப்புதான். அப்படி ஒரு வீட்டில் பிறந்து, கணக்கும் இயற்பியலும் படித்து, இன்று உலகின் முன்னணி ஜாஸ் பியானோ கலைஞர்களில் ஒருவராகவும் இசையமைப்பாளராகவும் இருக்கிறார் விஜய் ஐயர். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். படிப்பா, இசையா என்ற கேள்வி உங்கள் வீட்டிலும் ஓடிக்கொண்டிருந்தால், இவரைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள்.

வயலின் இவருக்கு... பியானோ அக்காவுக்கு!

1971 அக்டோபர் 26-ல் நியூயார்க் மாகாணத்தின் ஆல்பனி நகரில் பிறந்தார் விஜய். ரோசெஸ்டர் நகரை ஒட்டிய ஃபேர்போர்ட் என்ற சிற்றூரில் வளர்ந்தார். பெற்றோர் தமிழ்நாட்டிலிருந்து அமெரிக்காவில் குடியேறியவர்கள்.

மூன்று வயதில் வீட்டில் வயலின் வகுப்பில் சேர்த்துவிட்டார்கள். மேற்கத்திய சாஸ்திரிய முறையில் சுமார் 15 ஆண்டுகள் வயலின் கற்றார். ஆசிரியர், நோட்டேஷன் புத்தகம், பயிற்சி என்று எல்லாம் ஒழுங்காக நடந்தது.

ஆனால், அவர் கைகள் போனது வேறு இடத்துக்கு. வீட்டில் ஒரு பியானோ இருந்தது. அதற்கு முறையாக வகுப்புக்குப் போனவர் அக்கா. தம்பியோ அக்கா எழுந்துபோன நேரத்தில் உட்கார்ந்து, காதில் விழுந்ததைத் தேடித்தேடித் தட்டிப்பார்த்தார். யாரும் சொல்லித்தரவில்லை, பரீட்சை இல்லை, கிரேடு இல்லை. இன்றும் அவரைப் பற்றி எழுதுபவர்கள் எல்லோரும் சொல்லும் முக்கியமான விஷயம் இதுதான். பியானோவைப் பெரும்பாலும் தானாகவே கற்றுக்கொண்டவர் அவர்.

முறையாகக் கற்றது ஒரு வாத்தியம், வாழ்க்கையாக ஆனது இன்னொன்று. வயலின் வகுப்பு வீண் என்று சொல்லிவிட முடியாது. ஸ்ருதி பிடிக்கும் காதையும் தினசரிப் பயிற்சி என்ற பழக்கத்தையும் வயலின் கொடுத்தது. பயமில்லாமல் விளையாட இடம் கொடுத்தது பியானோ.

யேல்... பெர்க்லி... நடுவில் திரும்பிய பாதை

பள்ளிப் படிப்பு முடிந்ததும் யேல் பல்கலைக்கழகம். பாடம் கணிதமும் இயற்பியலும். 20 வயதில் பட்டம் வாங்கிவிட்டார். அடுத்து கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆராய்ச்சி மாணவர். எந்தத் தமிழ் வீட்டிலும் கல்யாணப் பத்திரிகையில் பெருமையாகப் போட்டுக்கொள்ளும் படிப்பு!

பகலில் ஆராய்ச்சி, இரவில் ஓக்லண்ட், சான் பிரான்சிஸ்கோ பகுதி கிளப்களில் பியானோ. அங்கே அனுபவம் மிக்க ஆப்பிரிக்க அமெரிக்கக் கலைஞர்களோடு வாசிக்கும் வாய்ப்பு கிடைத்தது. சாக்ஸஃபோன் கலைஞர் ஸ்டீவ் கோல்மன், டிராம்போன் கலைஞர் ஜார்ஜ் லூயிஸ் ஆகியோரின் நட்பு அவரை முழுமையாக இசைப் பக்கம் இழுத்தது. 1995-ல் முதல் ஆல்பம் ‘மெமரோஃபிலியா’ வெளியானது.

இங்கேதான் பெரிய முடிவு. இயற்பியலில் முதுகலைப் பட்டத்தோடு நிறுத்திக்கொண்டார். ஆனால், பல்கலைக்கழகத்தை விட்டு ஓடிவிடவில்லை. தொழில்நுட்பமும் கலையும் சேர்ந்த ஒரு துறையைத் தனக்கென்று வகுத்துக்கொண்டு, 1998-ல் அதிலேயே டாக்டர் பட்டம் பெற்றார். ஆய்வின் தலைப்பு, இசையை நம் உடம்பு எப்படிப் புரிந்துகொள்கிறது என்பது பற்றியது.

இதை வாசித்துவிட்டு யாரும் நாளைக்கே காலேஜுக்கு டி.சி வாங்கிவிட வேண்டாம். விஜய் செய்தது படிப்பை உதறியது அல்ல. தனக்குப் பிடித்ததை நோக்கிப் படிப்பைத் திருப்பிவிட்டது. இரண்டுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

தாளம் எங்கே இருக்கிறது? உங்கள் காலில்!

அவருடைய ஆராய்ச்சி எதைப் பற்றியது என்று எளிமையாகச் சொல்லலாம். இசையை நாம் மூளையால் மட்டும் கேட்பதில்லை, உடம்பால் கேட்கிறோம் என்பதுதான் சாரம். ஒரு பாட்டின் வரி ஏறக்குறைய ஒரு மூச்சின் நீளம். அடிப்படைத் தாளம் நாம் நடக்கும் வேகத்துக்கும் இதயத் துடிப்புக்கும் பக்கத்தில் இருக்கும். வேகமான சின்னச் சின்னச் சத்தங்கள் விரல் அசையும் வேகம், பேச்சில் எழுத்துகள் உதிரும் வேகம்.

ஆப்பிரிக்க, ஆப்பிரிக்க அமெரிக்க இசையில் கலைஞர்கள் ஓர் அடியை இம்மியளவு முன்னாலோ பின்னாலோ தள்ளிப் போடுவார்கள். கணினி போட்டால் வராத ஓர் உயிர்ப்பு அப்போது வருகிறது. நொடியில் மிகச் சிறிய பங்குதான் அந்த வித்தியாசம். ஆனாலும் நம் கால் அதைக் கண்டுபிடித்துவிடும்.

கோயில் கொடையில் நையாண்டி மேளம் கேட்டவர்களுக்கு இதற்கு விளக்கமே தேவையில்லை. தவிலும் பம்பையும் சேர்ந்து எழும்போது, ‘நான் ஆட மாட்டேன்’ என்று நிற்பவரின் கால் பெருவிரலாவது தட்டத் தொடங்கிவிடும். நம் ஊர்க் கலைஞர்களுக்குக் கைவந்த கலை. அதற்கு அறிவியல் மொழியில் விளக்கம் தேடியவர் விஜய்.

குறில், நெடில், ஃபிபோனாச்சி!

கணக்குப் படித்தது வீணாகவில்லை என்பதற்கு இன்னொரு சாட்சி 2009-ல் வந்த ‘ஹிஸ்டாரிசிட்டி’ ஆல்பம். விஜய்யின் பியானோ, ஸ்டீஃபன் கிரம்ப்பின் பேஸ், மார்கஸ் கில்மோரின் டிரம்ஸ் என மூவர் கூட்டணி. கிராமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்ட ஆல்பம் இது.

அதில் ‘மிஸ்டிக் ப்ரூ’ என்ற பழைய மெட்டைப் புதிதாக வாசித்திருப்பார்கள். அந்தத் தாளத்தின் பின்னணியில் இருப்பது 1, 2, 3, 5, 8, 13 என்று போகும் ஃபிபோனாச்சி எண்கள். முந்தைய இரண்டு எண்களைக் கூட்டினால் அடுத்த எண் வரும். இந்த எண்களின் விகிதத்தில் நீளமும் குட்டையுமாகத் தாளத்தைப் பிரித்ததைப் பற்றி விஜய் தானே ஒரு பத்திரிகைக் கட்டுரையில் விளக்கியிருக்கிறார்.

ஃபிபோனாச்சி இத்தாலியின் பைசா நகரத்துக் கணித மேதை. 1202-ல் எழுதிய நூலில் இந்த எண்களைச் சொன்னார். ஆனால், அவருக்கு முன்பே இந்தியாவில் யாப்பிலக்கணம் எழுதிய விரகாங்கரும் ஹேமசந்திரரும் இதே எண்களைக் கண்டுபிடித்துவிட்டார்கள். எப்படி?

நம் தமிழிலேயே செய்து பார்க்கலாம். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. மொத்தம் 4 மாத்திரை வருமாறு எத்தனை விதமாக அடுக்கலாம்? நெடில்-நெடில். நெடில்-குறில்-குறில். குறில்-நெடில்-குறில். குறில்-குறில்-நெடில். நான்கும் குறில். ஆக, 5 வழி. 3 மாத்திரைக்கு 3 வழி. 5 மாத்திரைக்கு 8 வழி. 3, 5, 8... வந்துவிட்டதா ஃபிபோனாச்சி! ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் இந்தக் கணக்கைக் கொடுத்துப் பாருங்கள், விடாமல் போட்டுக்கொண்டிருக்கும்.

பியானோவில் கமகம் வராதே?

பியானோ இத்தாலியில் பிறந்த வாத்தியம். 1700-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஃபுளாரன்ஸ் நகரில் பார்த்தலோமியோ கிறிஸ்தோஃபோரி உருவாக்கியது. கட்டையை அழுத்தினால் உள்ளே கம்பளித்துணி சுற்றிய சின்னச் சுத்தியல் ஒன்று கம்பியைத் தட்டும். நெல்லையப்பர் கோயிலின் இசைத்தூண்களைத் தெரிந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். தட்டினால் அதற்கென்று உள்ள ஸ்வரம் ஒலிக்கும். அதை வளைக்கவோ அசைக்கவோ முடியாது. பியானோவில் இருக்கும் 88 கட்டைகளுக்கும் அதே கதைதான்.

கர்னாடக இசைக்கு உயிரே கமகம்தானே! அதனால்தான் வயலின் நம் கச்சேரி மேடைக்கு வந்து வீட்டுப் பிள்ளையாகிவிட்டது, பியானோ நீண்ட காலம் வாசலிலேயே நின்றது. சென்னையின் அனில் ஸ்ரீநிவாசன், சிக்கில் குருசரணின் பாட்டோடு பியானோவைச் சேர்த்து ஒரு வழி காட்டினார். 2019-ல், 13 வயது சென்னைச் சிறுவன் லிடியன் நாதஸ்வரம் அமெரிக்க டி.வி போட்டியில் 10 லட்சம் டாலர் பரிசு வென்றபோது, தமிழ்நாடே பியானோவைத் திரும்பிப் பார்த்தது.

விஜய் ஐயர் எடுத்தது வேறு வழி. ராகத்தைப் பியானோவில் நகல் எடுக்க அவர் மெனக்கெடவில்லை. நம் இசையின் தாளக் கணக்கை எடுத்துக்கொண்டார். 5, 7, 9 என்று பிரிந்து சுற்றிச்சுற்றி வந்து, கடைசியில் சரியாக சமத்தில் வந்து விழும் கோர்வைகள் அவர் இசையில் எட்டிப்பார்க்கும். தனி ஆவர்த்தனம் கேட்டுப் பழகிய காது என்றால், மொழி தெரியாத ஊரில் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருக்கும்.

2011-ல் வந்த ‘தீர்த்தா’ ஆல்பத்தில் அது இன்னும் வெளிப்படை. கிட்டாரில் கர்னாடக இசை வாசிக்கும் பிரசன்னாவும், தபலா கலைஞர் நிதின் மிட்டாவும் விஜய்யோடு சேர்ந்தார்கள். பிரசன்னாவும் சென்னை ஐ.ஐ.டி-யில் கப்பல் கட்டுமானப் பொறியியல் படித்துவிட்டு கிட்டாரைத் தேர்ந்தெடுத்தவர் என்பது கொசுறுத் தகவல்!

‘ஹிஸ்டாரிசிட்டி’யில் இன்னொரு தமிழ்த் தொடர்பும் உண்டு. யாழ்ப்பாணத்தில் குழந்தைப் பருவத்தைக் கழித்து, போரால் லண்டனுக்கு அகதியாகப் போன மாயா அருள்பிரகாசம் என்கிற எம்.ஐ.ஏ-வின் ‘கலாங்’ பாடலை, பாட்டே இல்லாமல் பியானோ, பேஸ், டிரம்ஸில் வெளுத்துக்கட்டியிருப்பார்கள். அமெரிக்கத் தமிழர் ஒருவர், ஈழத்தமிழ்ப் பெண்ணின் பாட்டை ஜாஸ் ஆக்கியிருக்கிறார். ஆரவாரம் இல்லாமல் நடந்த அழகான சந்திப்பு.

"எந்த மொழியில் சொல்வது?"

கைத்தட்டலுக்கு மட்டும் வாசிப்பவராக இருந்திருந்தால் விஜய்யின் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

2001-ல் ஈரான் திரைப்பட இயக்குநர் ஜாஃபர் பனாஹி ஹாங்காங்கிலிருந்து தென் அமெரிக்காவுக்குப் போகும் வழியில் நியூயார்க் விமான நிலையத்தில் இறங்கினார். விமானம் மாறுவதற்காக மட்டும்தான். கைரேகை கொடுக்க மறுத்தவரைச் சங்கிலியால் கட்டி உட்காரவைத்து, வந்த வழியே திருப்பி அனுப்பினார்கள் அதிகாரிகள். ‘நான் திருடன் இல்லை’ என்று பக்கத்தில் இருக்கும் பயணிகளிடம் சொல்ல நினைத்ததையும், அதை எந்த மொழியில் சொல்வது என்று தவித்ததையும் பின்னர் ஒரு கடிதத்தில் எழுதினார் பனாஹி.

அந்தத் தவிப்பையே தலைப்பாக்கி, கவிஞர் மைக் லாடுடன் சேர்ந்து 2003-ல் ‘இன் வாட் லாங்வேஜ்?’ என்ற படைப்பைத் தந்தார் விஜய். விமான நிலையங்களில் பழுப்பு, கறுப்புத் தோல்காரர்கள் படும் பாடுதான் அதன் கரு. இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்குப் பிறகு, இந்திய முகம் கொண்டவர்களையும் அமெரிக்கா சந்தேகத்தோடு பார்த்த நேரம் அது. பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு, ‘இமிக்ரேஷன் தாண்டிட்டேன்மா’ என்ற மெசேஜ் வரும்வரை தூங்காமல் இருக்கும் அம்மாக்களுக்கு அந்தப் பயம் புரியும்.

பத்து ஆண்டுகள் கழித்து அதே கூட்டணி, இராக், ஆப்கானிஸ்தான் போர்களிலிருந்து திரும்பிய வெள்ளையரல்லாத படைவீரர்களின் கனவுகளை இசையாக்கியது. இரவில் அவர்களைத் துரத்தும் காட்சிகளை, போருக்குப் போய்வந்தவர்களே மேடையில் சொல்ல, பின்னால் பியானோ பேசியது.

2021-ல் வந்த ‘அன்ஈஸி’ ஆல்பத்தில் ‘சில்ட்ரன் ஆஃப் ஃபிளின்ட்’ என்று ஒரு துண்டு. மிச்சிகன் மாகாணத்தின் ஃபிளின்ட் நகரில் 2014-ல் செலவைக் குறைப்பதற்காகக் குடிநீரை வேறு இடத்திலிருந்து எடுக்கத் தொடங்கினார்கள். குழாய் அரிக்காமலிருக்கச் சேர்க்க வேண்டிய ரசாயனத்தைச் சேர்க்கவில்லை. பழைய குழாய்களின் ஈயம் தண்ணீரில் கலந்தது. குழந்தைகள் அதைத்தான் குடித்தார்கள். கறுப்பின மக்கள் அதிகம் வசிக்கும் நகரம் அது. தண்ணீரின் நிறத்தையும் நாற்றத்தையும் பற்றி அவர்கள் சொன்ன புகார்கள் நீண்ட காலம் காதில் ஏறவே இல்லை.

தாமிரபரணித் தண்ணீரைக் குடித்து வளர்ந்து, அந்த ஆற்றில் சாக்கடை கலப்பதையும் கண்ணால் பார்க்கும் நமக்கு இந்த இசை தூரத்து விஷயமாகத் தெரியாது. அதில் ஒரு வார்த்தைகூட இல்லை. மெதுவாக, யாரையோ தூங்கவைப்பதுபோல் தொடங்கும். கோஷம் போடாமலே மனசைப் பிசையும்.

வாசல் திறந்துவிட்டவர்களை மறக்காதவர்

விருதுகளுக்குக் குறைவில்லை. 2012-ல் புகழ்பெற்ற ‘டவுன்பீட்’ ஜாஸ் இதழின் விமர்சகர் வாக்கெடுப்பில் ஒரே ஆண்டில் ஐந்து பிரிவுகளில் முதலிடம். 2013-ல் மேதைகளுக்கான விருது என்று அழைக்கப்படும் மெக்ஆர்தர் விருது. ஐந்து ஆண்டுகளில் 6,25,000 டாலர் தரும் பெரிய அங்கீகாரம். 2014-ல் ஹார்வர்டு பேராசிரியர் பதவி. பாகிஸ்தானியப் பாடகி அரூஜ் அஃப்தாப், ஷாஸாத் இஸ்மாயிலி ஆகியோரோடு செய்த ‘லவ் இன் எக்ஸைல்’ 2023-ல் வந்தது. கிராமி பரிந்துரைப் பட்டியலில் அதற்கும் இடம் கிடைத்தது.

இவ்வளவுக்கும் நடுவில் அவர் விடாமல் நினைவூட்டும் ஒரு விஷயம் உண்டு. ஜாஸ், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த கறுப்பின மக்கள் உருவாக்கிய இசை. இந்தியர்களுக்கு அமெரிக்காவின் கதவைத் திறந்தது 1965-ம் ஆண்டின் குடியேற்றச் சட்டம். அந்தச் சட்டம் வந்ததே கறுப்பின மக்களின் சிவில் உரிமைப் போராட்டம் உருவாக்கிய சூழலில்தான். தன் வாழ்க்கையும், தான் வாசிக்கும் இசையும் இரண்டுமே அவர்கள் போட்ட பாதை என்பதை விஜய் மேடைகளில் பேசுகிறார். 2014-ல் யேல் பல்கலைக்கழகத்தின் ஆசிய அமெரிக்க முன்னாள் மாணவர்கள் கூட்டத்தில், வெற்றியைக் கொண்டாடுவதோடு நிறுத்திவிடாமல் அந்த வெற்றிக்குப் பின்னால் இருக்கும் அநீதியில் தங்களுக்கும் பங்கு உண்டா என்று கேட்டுப் பார்க்கச் சொன்னார். பாராட்டு விழாவில் இப்படிப் பேச ஒரு துணிச்சல் வேண்டும்.

எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்?

ஜாஸ் கேட்டுப் பழக்கமே இல்லை என்கிறீர்களா? ஒரு சின்ன டிப்ஸ். முதலில் மெட்டு வரும், அதைப் பல்லவி என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதை வைத்துக் கற்பனையாக விரிப்பார்கள், நிரவலும் கற்பனை ஸ்வரமும் மாதிரி. நடுவில் டிரம்ஸுக்கோ பேஸுக்கோ தனி கொடுப்பார்கள். கடைசியில் மெட்டு திரும்பிவரும். கச்சேரி கேட்டவர்களுக்குப் பழகிய வரிசைதான். போன் ஸ்பீக்கரில் பேஸ் ஒலி காணாமல் போய்விடும் என்பதால் ஹெட்போன் அவசியம்.

1. ‘ஹ்யூமன் நேச்சர்’: மைக்கேல் ஜாக்சனின் பாட்டு. தெரிந்த மெட்டு என்பதால் தொடங்க ஏற்றது. 2010-ல் வந்த ‘சோலோ’ ஆல்பத்தில் தனிப் பியானோவாக இருக்கிறது.

2. ‘கலாங்’: காலையில் சோம்பல் முறிக்க. சத்தமாக வையுங்கள்.

3. ‘மிஸ்டிக் ப்ரூ’: தாளத்தை விரலில் எண்ணிக்கொண்டே கேட்டால் தனி ருசி.

4. ‘தீர்த்தா’ முழு ஆல்பம்: வீட்டில் தாத்தா, பாட்டியோடு சேர்ந்து கேட்கலாம். தபலாவுக்கு அவர்கள் தலையாட்டுவார்கள்.

5. ‘சில்ட்ரன் ஆஃப் ஃபிளின்ட்’: இரவில், விளக்கை அணைத்துவிட்டு.

பிள்ளைகள் எல்லோரும் விஜய் ஐயர் ஆகிவிடப் போவதில்லை, ஆக வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால், கணக்குக்கும் இசைக்கும் சண்டை மூட்டிவிடுவது நாம்தான் என்பதை அவர் வாழ்க்கை காட்டுகிறது. பொதுத்தேர்வு ஆண்டில் வகுப்புக்கு அனுப்ப நேரமில்லை என்றால் பரவாயில்லை. கீபோர்டை மட்டும் பரணில் ஏற்றாமல் கூடத்திலேயே விட்டுவையுங்கள். படிப்புக்கு நடுவில் ஒரு பத்து நிமிடம், மார்க் போடாமல், ‘அதை வாசி, இதை வாசி’ என்று சொல்லாமல், அவர்கள் பாட்டுக்குத் தட்டிப் பார்க்கட்டும்.